பதின்மூன்று இடங்கள்: தமிழிணையம் 99 மாநாட்டுக்குச் சென்ற கதை

ஓலையில் எழுத்தாணி கொண்டு எழுதிய காலத்தில், அழுத்திப் புள்ளியிட்டால் ஓலை கிழியும் என்று அஞ்சி, மெய்யெழுத்தின் புள்ளியையே விட்டுவிட்டனர் நம் முன்னோர். 1578ஆம் ஆண்டு கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' அச்சேறியது. பின்வந்த அச்சு நூல்களின் வழியே புள்ளி மெல்லத் தன் இடத்துக்கு மீண்டது. தட்டச்சுப்பொறி வந்தபோதோ, விசைகளின் எண்ணிக்கைக்குள் இருநூற்று நாற்பத்தேழு எழுத்துகளையும் அடக்க வேண்டிய நெருக்கடி ஏற்பட்டது. எழுதுகருவி மாறும்போதெல்லாம் மொழி எதையேனும் இழந்தும் எதையேனும் பெற்றும் வந்துள்ளது. கணிப்பொறி வந்தபோது தமிழ் எதை இழக்கவிருந்தது என்பதை நாம் நூல்களில் படித்து அறிந்தோம் அல்லோம்; ஒரு நெகிழ்வட்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு சென்னைக்குச் சென்று அறிந்தோம். அதனையே ஈண்டு எழுதப் புகுகின்றோம்.

நாம் அப்போது இளங்கலைத் தமிழ் மூன்றாமாண்டு மாணவர். நம் துறையில் நெடுங்காலம் பணியாற்றி ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவர், தமிழில் வழங்கும் அரபு, பாரசீகச் சொற்களைத் திரட்டிப் பொருளும் மூலமும் எழுதிவந்தார்கள். வக்கீல், நகல், அசல், பாக்கி, மகசூல், ஜாமீன், ஜில்லா என ஆட்சித்துறையிலும் வாணிகத்திலும் கலந்துவிட்ட சொற்கள் ஒருபுறம். ஸலாம், ஹஜ், ஈமான், தௌபா என மார்க்க வழக்கில் நிற்பவை மறுபுறம். துண்டுத் தாள்களில் அவர்கள் எழுதிவைத்தவை ஒரு சாக்குப்பையை நிறைத்தன. மாணவர் சிலர் அவற்றைச் செவ்வையாகப் படியெடுத்தனர். பின்னர் அப்படிகள் ஊரிலிருந்த கணினி அச்சுக்கோப்பு நிலையம் ஒன்றில் கொடுக்கப்பட்டன. அங்கு அவை ஏறத்தாழ ஆறு மாதம் தட்டச்சு செய்யப்பட்டன. பார்வைக்கு என்று ஒரே ஒரு பக்கத்தை அச்சிட்டுக் காட்டினார்கள். அதனைக் கண்ட பேராசிரியர் அவர்கள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு மீண்டும் மீண்டும் பார்த்தார்கள் என்று உடனிருந்தோர் கூறுவர்.

1998ஆம் ஆண்டு பேராசிரியர் அவர்கள் வஃபாத்தானார்கள். அவ்வாண்டு மழைக்காலத்தில் சாக்குப்பை இருந்த அறையின் கூரை ஒழுகிற்று. மையால் எழுதிய தாள்கள் என்னவாகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. நெகிழ்வட்டில்தான் எல்லாம் இருக்கிறதே என்ற துணிவில் நாம் இருந்தோம். அச்சுக்கோப்பு நிலையம் அதற்கு முன்பே மூடப்பட்டுவிட்டது. கல்லூரிக் கணிப்பொறியில் வட்டைச் செருகித் திறந்தபோது திரையில் தோன்றியது தமிழ் அன்று, ஆங்கிலமும் அன்று. தலையில் குறியிட்ட ஐரோப்பிய எழுத்துகள், நாணயக் குறிகள், பாதிக்கோடுகள் எனப் பொருளற்ற ஒரு குவியல். எழுத்துரு இல்லை என்றார்கள். அவ்வெழுத்துருவோ, பூட்டுக்குச் சாவி போன்ற ஒரு சிறு கருவியைக் கணிப்பொறியின் பின்புறம் செருகினாலன்றி இயங்காத வகையைச் சேர்ந்தது. அக்கருவி நிலையத்து உரிமையாளரோடு வெளிநாடு போய்விட்டது. ஆறுமாத உழைப்பும் அதற்கு முந்திய இருபதாண்டு உழைப்பும் நம் உள்ளங்கையில் இருந்தன; ஆனால் ஒரு சொல்லைக்கூட நம்மால் படிக்க இயலவில்லை.

சென்னையில்

இந்நிலையில்தான் தமிழ்நாட்டரசு 1999 பிப்ரவரி 7, 8 ஆகிய நாள்களில் சென்னையில் 'தமிழிணையம் 99' என்னும் பன்னாட்டுக் கருத்தரங்கை நடத்தவிருப்பதாகச் செய்தி வந்தது. நம் துறைத்தலைவர் அதில் கலந்துகொள்ளப் பதிவு செய்திருந்தார்கள். "நீயும் வாப்பா, அந்த வட்டையும் எடுத்துக்கொள்" என்றார்கள். ஆகவே, நாம் மாநாட்டுக்குச் சென்ற பேராளர் அல்லோம். பேராளரின் பையைத் தூக்கிச் சென்றவர் என்பதே உண்மை.

நோன்புப் பெருநாள் கழிந்து இரண்டு வாரத்துக்கு மேல் ஆகியிருந்தது. திருச்சியிலிருந்து இரவுப் பேருந்தில் புறப்பட்டோம். அக்காலத்தில் வெளியூர்ப் பேருந்துகள் பாரிமுனைக்கே சென்று நின்றன. கோயம்பேட்டு நிலையம் 2002இல்தான் வந்தது. விடியுமுன் இறங்கி, மண்ணடியில் ஒரு பள்ளிவாசலில் ஒளுச் செய்து சுபுஹு தொழுதோம். தொழுது முடித்து வெளியே வந்ததும் துறைத்தலைவர் நம் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்து, "வட்டு இருக்கிறதா?" என்றார்கள். பேருந்தில் வரும்போதே மும்முறை கேட்டிருந்தார்கள். காந்தம் பட்டால் நெகிழ்வட்டில் உள்ளவை அழிந்துவிடும் என்று யாரோ சொல்லியிருந்தமையால், பயணம் முழுவதும் ஒலிபெருக்கி உள்ள இருக்கைகளைத் தவிர்த்து, மாறி மாறி அமர்ந்து வந்தோம். இன்று எண்ணும்போது நகைப்பு வருகின்றது.

மாநாட்டின் பின்னணியைச் சிறிது கூறவேண்டும். இணையத்தில் தமிழ் என்பது அரசுகள் தொடங்கிய முயற்சியன்று. 1995ஆம் ஆண்டு சிங்கப்பூர்க் கவிதைகளுக்கான பன்மொழி இணையப் பக்கத்தில் தமிழையும் இடம்பெறச் செய்தவர் அந்நாட்டு எழுத்தாளரும் ஆசிரியருமான நா. கோவிந்தசாமி அவர்கள். தமிழிணையம் பற்றிய முதற் கருத்தரங்கு 1997 மே மாதத்தில் சிங்கப்பூரில் நிகழ்ந்தது. அதனைக் கூட்டியவரும் அவரே. மலேசியாவில் முத்து நெடுமாறன் அவர்கள் முரசு என்னும் மென்பொருளை உருவாக்கியிருந்தார்கள். சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த வேதியியல் அறிஞர் கு. கல்யாணசுந்தரம் அவர்கள், 1998 பொங்கல் நாளில், பழந்தமிழ் நூல்களை மின்வடிவில் தட்டெழுதி உலகுக்கு இலவசமாக வழங்கும் மதுரைத் திட்டத்தைத் தொடங்கியிருந்தார்கள். ஆர்வத்துக்குக் குறைவில்லை. குறை யாதெனின், ஒவ்வொருவரும் ஒவ்வோர் எழுத்துமுறையைக் கையாண்டனர். ஒருவர் எழுதியதை மற்றவர் படிக்க, முதலாமவரின் எழுத்துருவும் வேண்டியிருந்தது. நம் நெகிழ்வட்டின் துன்பம் உலகத் தமிழர் அனைவரின் துன்பமாக இருந்ததை அங்குச் சென்றபின்னரே உணர்ந்தோம். அன்றைய முதலமைச்சர் கலைஞர் மு. கருணாநிதி அவர்களின் அரசு கூட்டிய இக்கருத்தரங்கை வழிநடத்தியவர், அண்ணா பல்கலைக்கழகத்தின் முன்னாள் துணைவேந்தர் மு. ஆனந்தகிருஷ்ணன் அவர்கள். எந்த எண்ணுக்கு எந்த எழுத்து, எந்த விசைக்கு எந்த எழுத்து என்னும் இரண்டு வினாக்களுக்கு ஒரு முடிவு காண்பதே முதன்மை நோக்கம்.

எண்ணும் எழுத்தும்

கணிப்பொறிக்கு எழுத்துத் தெரியாது. எண் மட்டுமே தெரியும். நாம் ஒரு விசையை அழுத்தினால் அது ஓர் எண்ணைச் சேமித்துக்கொள்கின்றது. திரையில் காட்டும்போது அந்த எண்ணுக்கு உரிய வடிவத்தை எழுத்துரு வரைந்து காட்டுகின்றது. அக்காலக் கணிப்பொறிகளில் ஓர் எழுத்துக்கு ஓர் எண்மி, அஃதாவது 256 இடங்கள். அவற்றுள் முற்பாதியான 128 இடங்களை ஆங்கில எழுத்துகளும் எண்களும் நிறுத்தக்குறிகளும் கைக்கொண்டிருந்தன. எஞ்சிய 128இல் தமிழ் குடியேற வேண்டும். தமிழ் எழுத்துகளோ உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1 ஆக 247. எவ்வாறு இடம்பெறும்?

முழு எழுத்துக்கு இடம் தராமல், எழுத்தின் துண்டுகளுக்கு இடம் தந்தே இதனைத் தீர்த்தனர். கண்காட்சியில் ஓர் அரங்கில் நின்றிருந்த இளைஞர் நமக்கு ஒரு தாளில் கணக்கிட்டுக் காட்டினார். கோவைப் பக்கத்துத் தமிழில், "ஏனுங் தம்பி, நீங்களே எண்ணிப் பாருங்க" என்று எழுதுகோலை நம் கையிலேயே கொடுத்துவிட்டார். உயிரும் ஆய்தமும் 13. அகரமேறிய மெய் 18. புள்ளியுள்ள மெய் 18. கு, கூ, ஙு, ஙூ என உகர ஊகார உயிர்மெய்கள் ஒவ்வொன்றும் தனித்தனி வடிவின ஆகலின், அவற்றுக்கு மட்டும் 36. டி, டீ இரண்டும் ஒட்டி நிற்பவை, 2. கால், மேல்விலங்கு, அதன் நெடில், ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு, ஐகாரக் கொம்பு என்பன 6. ஔகாரத்தின் பின்பகுதிக்கு ளகரத்தையே பயன்படுத்திக்கொள்ளலாம். ஆகக் கூட்டினால் 93. இஃதொரு தோராயக் கணக்கே; உருவாக்குநர்க்கேற்ப இது கூடும், குறையும்.

"தொண்ணூத்தி மூணு; அங்கே நூத்தி இருபத்தெட்டு இடம் இருக்குது. அப்புறம் என்ன சண்டை?" என்று நாம் கேட்டோம். அவர் சிரித்தார். 128 முதல் 159 வரையுள்ள 32 இடங்கள் உலகத் தரப்பாட்டில் கட்டுப்பாட்டுக் குறிகளுக்கென ஒதுக்கப்பட்டவை. அங்கு எழுத்தை வைத்தால் சில மென்பொருள்கள் காட்டும், சில விழுங்கிவிடும் என்றார். 160, 173 ஆகிய இரண்டும் வெற்றிடத்துக்கும் சொற்பிரிப்புக் கோட்டுக்கும் உரியவை. அங்கும் இடர் உண்டு. ஆகப் பழுதற்ற இடம் 94. தமிழுக்கு வேண்டியது 93.

அப்போதுதான் நாம், "ஜ, ஷ, ஸ, ஹ எங்கே?" என்று கேட்டோம்.

அவர் அவற்றையும் எண்ணினார். ஜ, ஷ, ஸ, ஹ, க்ஷ ஐந்து, அவற்றின் புள்ளி வடிவம் ஐந்து, ஸ்ரீ ஒன்று, ஜு, ஜூ போன்றவற்றில் பக்கத்தே ஒட்டும் உகர ஊகாரக் குறிகள் இரண்டு. ஆகப் பதின்மூன்று. 93உடன் 13 சேர்ந்தால் 106. பழுதற்ற வீட்டில் இடமில்லை. திண்ணையில்தான் இருக்க வேண்டும். எனவே எழுத்துரு செய்வோர் பலர் கிரந்த எழுத்துகளை அந்த 32 இடங்களில் கொண்டுபோய் வைப்பது உண்டு என்றும், சிலர் தமிழெழுத்துகளையே அங்குவைத்து இடர்ப்படுவதும் உண்டு என்றும் கூறினார்.

இங்கு ஒன்று சொல்ல வேண்டும். கிரந்த எழுத்து தமிழுக்குத் தேவையா என்னும் வழக்கு நெடியது. தமிழ்த்துறை மாணவராகிய நாம் அவ்வழக்கின் இரு பக்கமும் அறிவோம். உமறுப்புலவர் சீறாப்புராணத்தில் 'உமறு கத்தாபு' என்றே எழுதினார். தமிழ் மரபு வழுவாமல் அரபுப் பெயரை அமைத்துக்கொள்ளும் ஆற்றல் நம் புலவர்க்கு இருந்தது. அது நமக்குப் பெருமையே. ஆயின் காப்பியத்துக்கு ஒன்று, கல்லூரி வருகைப் பதிவேட்டுக்கு மற்றொன்று. நம் வகுப்பில் ஷாஜஹானும் ஹமீதும் ஜமாலும் இருந்தனர். பிறப்புச் சான்றிலும் கடவுச்சீட்டிலும் உள்ளவாறு அவர் பெயரை எழுதித் தரவேண்டிய கடமை ஓர் அலுவலகத்துக்கு உண்டு. சாசகான் என்று எழுதித் தந்தால் அவன் வேலைக்குச் செல்லும் இடத்தில் ஏற்பாரா? எழுத வேண்டா என்று முடிவு செய்வது ஒன்று. எழுதியது எந்திரத்தால் உதிர்ந்துபோவது வேறொன்று. ஜூன் மாதத்துக்கும் ராஜராஜனுக்கும்கூட அவ்வெழுத்து வேண்டியிருக்கின்றதே!

வட்டைத் திறந்த மாலை

நம் நெகிழ்வட்டை அவ்விளைஞரிடம் கொடுத்தோம். கூட்டம் குறைந்த மாலை நேரத்தில் அவர் அதனைச் செருகி, எழுத்தாகத் திறவாமல், எண்களாகவே திறந்தார். திரை முழுவதும் எண் வரிசை. "அச்சிட்ட பக்கம் ஏதாச்சும் இருக்குதுங்களா?" என்று கேட்டார். பேராசிரியர் அவர்கள் கண்ணாடியைத் துடைத்துப் பார்த்த அந்த ஒற்றைப் பக்கத்தைத் துறைத்தலைவர் தம் பையிலிருந்து எடுத்தார்கள். அதனைக் கொணர்ந்திருப்பார்கள் என்று நாம் எதிர்பார்க்கவில்லை.

அதன்பின் நிகழ்ந்தது கல்வெட்டுப் படிப்பதை ஒத்தது. தாளில் முதற்சொல் 'அசல்'. எண் வரிசையில் முதல் மூன்று எண்கள் அ, ச, ல் என்பன. அடுத்து எங்கெல்லாம் அதே எண் வருகிறதோ அங்கெல்லாம் அதே எழுத்து. இவ்வாறு ஒவ்வொன்றாகக் கண்டு, ஒரு தாளில் எண்ணுக்கு நேரே எழுத்தை எழுதினோம். கொம்பு முதலில் வந்தது, அதன்பின் மெய், அதன்பின் கால். கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே தட்டியிருந்தனர். ஒரு மணிநேரத்தில் எண்பதுக்கும் மேற்பட்ட எண்கள் பிடிபட்டன.

'அபூஹனீபா' என்னும் சொல்லுக்கு வந்தபோது அவர் கை நின்றது. அ, பூ, ன, அதன் குறி, பா, அவ்வளவே எண்கள். ஹகரத்துக்கு உரிய எண் அங்கு இல்லை. தவறான எண்ணும் இல்லை, வெற்றிடமும் இல்லை, அடுத்தடுத்த எழுத்துகள் ஒட்டி நின்றன. 'ஜில்லா'வில் ஜகரம் போய் மேல்விலங்கு மட்டும் தனித்து நின்றது. 'ஹஜ்' என்னும் சொல் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுமே இல்லை. அதன் பொருள் மட்டும் இருந்தது. அச்சுக்கோப்பு நிலையத்தார் தம் மென்பொருளிலிருந்து வெறும் எழுத்துக்கோப்பாக மாற்றித் தந்தபோது அந்த 32 இடங்களில் இருந்தவை அனைத்தும் உதிர்ந்துவிட்டன என்று அவர் விளக்கினார். யாரும் வேண்டுமென்று செய்ததன்று. அவர்கள் அச்சிட்டுக் காட்டிய பக்கத்தில் எல்லாம் சரியாகவே இருந்தன. அது எழுத்துருவிலிருந்து நேரே அச்சானது.

துறைத்தலைவர் நெடுநேரம் பேசவில்லை. பின்னர், "மிச்சம் இருக்கிறதே, அல்ஹம்துலில்லாஹ்" என்றார்கள்.

மாநாட்டு முடிவுகளும் பின் வந்தவையும்

கருத்தரங்கின் பரிந்துரைகளையொட்டித் தமிழ்நாட்டரசு 1999 ஜூன் மாதத்தில் 'தமிழ்99' என்னும் விசைப்பலகையைத் தரப்பாடாக அறிவித்தது. எழுத்துக் குறியீட்டுக்கு 'டாம்', 'டாப்' என இரண்டு முறைகள் ஏற்கப்பட்டன. முன்னது தமிழுக்கு மட்டும் உரியது. பின்னது ஆங்கிலத்தையும் தமிழையும் உடன்கொண்டது. ஒன்றுக்கு இரண்டாக வைத்தது நம் பார்வையில் ஒரு குறையே. மின்னஞ்சல் குழுவினர் கூடி அமைத்த 'திஸ்கி' முறையும் உடன் வழங்கியதால், ஒற்றுமைக்குக் கூடிய இடத்திலிருந்து மூன்று முறைகளோடு தமிழர் வீடு திரும்பினர்.

விசைப்பலகை அவ்வாறன்று, அது நல்ல தமிழறிவோடு அமைந்தது. உயிர் 12ம் இடக்கைப் பக்கத்தில், மெய் 18ம் பெரும்பாலும் வலக்கைப் பக்கத்தில், புள்ளிக்கு ஒன்று, ஆக 31 விசைகள். மேல்விசையை அழுத்தாமலேயே தமிழ் முழுவதையும் எழுதலாம். மேலும், ஒரே மெய் அடுத்தடுத்து வந்தால் முன்னதற்குத் தானே புள்ளி விழும். 'அம்மா' என்று எழுத அ, ம, ம, ஆ என்று நான்கு தட்டல் போதும். ங-க, ஞ-ச, ண-ட, ந-த, ம-ப, ன-ற என்னும் இன எழுத்துகள் சேர்ந்தாலும் அவ்வாறே. மெல்லினத்துக்கு வல்லினம் இனமாகும் என்னும் நன்னூல் மாணவனின் பாடத்தை ஓர் எந்திரத்துக்குக் கற்பித்திருப்பதைக் கண்டு நாம் வியந்தோம். 'மமதை' என்பது போலப் புள்ளி வேண்டாத இடத்தில் நடுவே அகரத்தைத் தட்டினால் போதும். கிரந்த எழுத்துகள் மேல்வரிசையின் இடப்பக்கத்தில், மேல்விசையோடு சேர்த்துத் தட்டும்வண்ணம் வைக்கப்பட்டன. ஷாஜஹான் தன் பெயரை எழுத மேல்விசையை மும்முறை தொட வேண்டும். அதில் அவனுக்குக் குறையில்லை.

நா. கோவிந்தசாமி அவர்கள் அவ்வாண்டு மே மாதத்திலேயே, அரசாணை வெளிவருமுன், காலமானார்கள். இக்கருத்தரங்கையொட்டி அறிவிக்கப்பட்ட இணையவழித் தமிழ்ப் பல்கலைக்கழகம் 2001இல் செயற்படத் தொடங்கிற்று. இன்று அது தமிழ் இணையக் கல்விக்கழகம் என வழங்குகின்றது. 2000ஆம் ஆண்டு சிங்கப்பூரில் உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றமான 'உத்தமம்' தோன்றியது.

எண்மிக் கணக்கின் நெருக்கடியைத் தீர்த்தது ஒருங்குகுறி. உலக மொழிகள் அனைத்துக்கும் தனித்தனி எண் தரும் இம்முறை 1991இலேயே வெளிவந்துவிட்டது. தமிழுக்கு அதில் 128 இடங்கள் உண்டு. நடுவணரசின் இசுக்கி முறையைப் பின்பற்றி அவ்விடங்கள் அமைந்தன. இதில் துண்டுகளின் வடிவத்துக்கு எண் இல்லை, ஒலிக்கே எண். 'கொ' என்பது ககரமும் ஒகரக் குறியும் என இரண்டு எண்கள்; கொம்பை முன்னும் காலைப் பின்னும் வரைவது எழுத்துருவின் வேலை. ஜ, ஷ, ஸ, ஹ நான்கும் அதில் தொடக்கத்திலேயே இருந்தன; ஶகரம் 2005இல் சேர்ந்தது. 2000ஆம் ஆண்டு வந்த விண்டோசு இயங்குதளம் முதல் சாதாரணக் கணிப்பொறியிலும் இது இயங்கலாயிற்று. 2010 ஜூன் மாதத்தில் கோவைச் செம்மொழி மாநாட்டுக் காலத்தில் தமிழ்நாட்டரசு ஒருங்குகுறியைத் தரப்பாடாக ஏற்று ஆணையிட்டது; உயிர்மெய் ஒவ்வொன்றுக்கும் தனி எண் தரும் 'டேஸ்16' என்னும் முறையையும் உடன் ஏற்றது. இப்போது கைப்பேசியில் நாம் எழுதும் தமிழ் ஒருங்குகுறியே.

நம் சொற்கோவையை இரண்டு முறை மாற்றினோம். முதலில் அம்மாலையில் எழுதிய பட்டியலைக் கொண்டு, கணிப்பொறித்துறை மாணவர் ஒருவர் செய்த சிறு நிரலால், படிக்கத்தக்க தமிழாக்கினோம். சில ஆண்டுகளுக்குப் பின் அதனை ஒருங்குகுறிக்குக் கொணர்ந்தோம். இரண்டாம் மாற்றத்தில் எதிர்பாராத ஒரு சிக்கல் எழுந்தது. பழைய முறையில் ஔகாரத்தின் பின்பகுதிக்கு ளகரத்தையே பயன்படுத்தியிருந்தனர் அன்றோ? 'தௌபா' என்பதும் 'தெளிவு' என்பதும் எந்திரத்துக்கு ஒரே தொடக்கம் உடையன. கொம்பு, தகரம், ளகரம் என்று கண்டவிடமெல்லாம் ஔகாரமாக்கு என்று நிரலுக்குச் சொன்னால், தெளிவு கெடுகின்றது. ஆக்காதே என்று சொன்னால் தௌபா கெடுகின்றது. முடிவில் ளகரத்தை அடுத்து மேல்விலங்கோ காலோ வந்தால் விட்டுவிடு என்று விதி செய்து, எஞ்சியவற்றைக் கண்ணால் பார்த்துத் திருத்தினோம். கௌது என்னும் பெயர் மட்டும் பதினொரு இடத்தில் வந்தது.

உதிர்ந்த எழுத்துகளுக்கு நிரல் உதவாது. அறிவே வேண்டும். பெரும்பாலான இடங்களில் பொருட்பத்தி நம்மைக் காத்தது. '—லால்' என்று இருக்கும். அருகே 'மாண்பு' என்று பொருள் இருந்தால் அது ஜலால்; 'மார்க்கத்தில் ஆகுமானது' என்று இருந்தால் ஹலால். '—லாம்' எளிது. 'ரா—', அதன்பின் ஒரு மேல்விலங்கு, அதன்பின் 'னாமா' என்று கண்டால் பதவியை விட்டவர் யார் என்று கேட்க வேண்டியதில்லை. ஆண்டுதோறும் இளங்கலை மாணவர்க்குப் பத்துப் பத்துப் பக்கமாகப் பிரித்துக் கொடுத்து நிரப்பச் செய்தோம். அரபுத்துறைப் பேராசிரியர்கள் பிழை திருத்தித் தந்தார்கள். இவ்வாறு சொற்கோவை நிறைவுற்றது. நூலாக்கும் பணி துறையில் நடைபெறுகின்றது.

ஒரே ஓர் இடம் நிரம்பவில்லை. பேராசிரியர் அவர்கள் எழுதிய முன்னுரையின் இறுதியில், துண்டுத்தாள்களை எல்லாம் அழகிய கையெழுத்தில் படியெடுத்துத் தந்த மாணவர்க்கு நன்றி கூறியுள்ளார்கள். அங்கு '—பீர்' என்று இருக்கின்றது. ஜபீரா, ஷபீரா, ஸபீரா என்று அறியக் கூடவில்லை. பொருட்பத்தி இல்லாத சொல் அது. அவ்வாண்டுகளின் வருகைப் பதிவேடுகள் கறையானுக்கு இரையாயின. உடன் பயின்றோர் சிலரைக் கேட்டோம். ஒருவர் ஷபீர் என்கின்றார், மற்றொருவர் அவர் தஞ்சைப் பக்கத்தவர், ஜபீர் என்றே அழைத்தோம் என்கின்றார். நூல் அச்சுக்குச் செல்லுமுன் இம்மலர் அவர் கையை அடையுமாயின், தம் பெயரை எவ்வாறு எழுதுவார் என்பதைத் துறைக்கு ஓர் அஞ்சலட்டையில், தம் கையாலேயே, எழுதி அனுப்பவேண்டுகின்றோம்.